உப்பு எந்த வழியாக நுழைகிறது? கடல் தூண்டிலுக்கான ஸ்பின்னிங் ரீலைப் பார்த்து வாங்குவதும் பராமரிப்பதும்

ஸ்பின்னிங் ரீலில் தூண்டில் நரம்பைச் சுற்றும்போது, நரம்பு சேரும் உருளையான ஸ்பூல் சுழலாது. கைப்பிடியைச் சுற்றினால் ரோட்டர் என்ற கூடு ஸ்பூலைச் சுற்றி ஓடும். அதில் பொருத்திய பெயில் கம்பி நரம்பைப் பிடித்து, கம்பியின் ஒரு முனையில் இருக்கும் லைன் ரோலர் என்ற சின்ன உருளை வழியாக ஸ்பூலில் சுற்றும். ஸ்பூல் முன்னும் பின்னும் மட்டும் நகர்ந்து நரம்பைச் சீராக அடுக்கிக்கொள்ளும். வீசும்போது பெயிலைத் திறந்தால் நரம்பு ஸ்பூல் விளிம்பிலிருந்து வளையம் வளையமாக உருவிப் போகும். பெரிய மீன் இழுத்தால் மட்டும் ஸ்பூல் வழுக்கித் திரும்பி நரம்பை விட்டுக்கொடுக்கும். அந்த வழுக்கலை எவ்வளவு இறுக்குவது, எவ்வளவு தளர்த்துவது என்பதைக் கட்டுப்படுத்துவதுதான் டிராக்.

ஏரியில் ஆண்டுக்கணக்கில் உழைக்கிற அதே ரீல் கடற்கரையில் சில மாதத்திலேயே கரகரக்கத் தொடங்கலாம். கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. தண்ணீர் காய்ந்துவிடும், உப்பு அங்கேயே தங்கிவிடும். அந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து மறுபடி கசியும். அதனால் அலமாரியில் சும்மா கிடக்கும்போதும் ரீல் அரிபட்டுக்கொண்டேதான் இருக்கும். துருப்பிடிக்காத எஃகைக் காப்பதே அதன் மேலிருக்கும் மெல்லிய ஆக்சைடு படலம்தான். உப்பிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தை அங்கங்கே உடைத்துப் புள்ளிப் புள்ளியாகக் குழி பறிக்கும். பேரிங்கின் குண்டில் ஊசிமுனை அளவு குழி விழுந்தாலே கைப்பிடியில் அது கரகரப்பாகத் தெரியும். எஃகுத் திருகாணியும் அலுமினிய உடலும் தொடும் இடத்தில் உப்புநீர் சேர்ந்தால் கரைவது அலுமினியம். திருகாணித் தலையைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருப்பதன் காரணம் இதுதான்.

ஆகவே கடலுக்கான ரீலை எடைபோட ஒரே கேள்வி போதும்: உப்புநீர் எந்தெந்த வழியாக நுழைகிறது, நுழைந்த இடத்தில் என்ன இருக்கிறது?

முதல் வழி லைன் ரோலர். நனைந்த நரம்பு நாள் முழுக்க இதன் மேல்தான் ஓடுகிறது. சுற்றும்போது நரம்பிலிருந்து பிழியும் உப்புநீர் நேரே இதற்குள் இறங்கும். உள்ளே இருப்பது மிகச் சின்னப் பேரிங். பெரும்பாலான ரீல்களில் முதலில் சாவது இதுதான். இரண்டாவது, ஸ்பூலின் மேலும் கீழும் உள்ள இடைவெளி. அதற்குள் டிராக்கின் உரசல் வளையங்களான வாஷர்கள் இருக்கின்றன. மூன்றாவது, ரோட்டருக்கு அடியில் உடலின் கழுத்துப் பகுதி. அங்கே ரோட்டரைச் சுற்றும் பினியன் என்ற சின்னக் கியரின் பேரிங்கும், கைப்பிடி பின்னோக்கிச் சுற்றாமல் தடுக்கும் ஒருவழிக் கிளட்சும் இருக்கின்றன. நான்காவது, கைப்பிடி நுழையும் இரண்டு பக்கத் துளைகள். அவற்றின் பேரிங் கெட்டால் முதன்மைக் கியர் சாய்ந்து பினியனோடு தவறாக உரசத் தொடங்கும்.

வாங்கும்போது எதைப் பார்ப்பது

பெட்டியில் பெரிதாகப் போட்டிருப்பது பேரிங் எண்ணிக்கை. அதை நம்பி வாங்க வேண்டாம். நல்ல தரத்தில் நான்கைந்து பேரிங் சரியான இடங்களில் இருந்தால் போதும்: முதன்மைக் கியருக்கு இரு பக்கமும் ஒவ்வொன்று, பினியனுக்கு ஒன்றோ இரண்டோ, லைன் ரோலருக்கு ஒன்று. மலிவான ரீலில் பன்னிரண்டு என்று போட்டிருந்தால், உப்பு நுழைய பன்னிரண்டு இடம் என்றுதான் அதைப் படிக்க வேண்டும்.

பார்க்க வேண்டியது தடுப்பு. சில ரீல்களுக்கு ஐபிஎக்ஸ் என்ற நீர்த்தடுப்புத் தரக்குறியீடு உண்டு. ஐபிஎக்ஸ்5 என்றால் 6.3 மி.மீ. குழாய்முனையிலிருந்து நிமிடத்துக்கு 12.5 லிட்டர் வீதம் பாயும் தண்ணீரைத் தாங்கும். ஐபிஎக்ஸ்6 என்றால் 12.5 மி.மீ. முனையிலிருந்து 100 லிட்டர் வீதம். இந்த இரண்டுமே தண்ணீரில் மூழ்கினால் தாங்கும் என்று சொல்லவில்லை. அந்த உறுதி ஐபிஎக்ஸ்7, 8-இல்தான் வருகிறது. பென் ஸ்பின்ஃபிஷர் 6-ஆம் தலைமுறை ஐபிஎக்ஸ்5, பென் ஸ்லாமர் 4-ஆம் தலைமுறை ஐபிஎக்ஸ்6. டைவாவின் மேக்சீல்டு முறை வேறு வகை: காந்தத்தால் பிடித்து நிறுத்திய எண்ணெய்ப் படலமே அங்கே தடுப்பாக நிற்கிறது. அந்த இடத்தில் நாமாக எண்ணெய் விட்டால் படலம் குலைந்து தடுப்பே போய்விடும். அந்த ரீலுக்குச் சர்வீஸ் மையம்தான் வழி.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். தடுப்பு உள்ள ரீலுக்குள் தண்ணீர் எளிதில் போகாது. போய்விட்டால் எளிதில் வெளியேயும் வராது. சீல் ரப்பர் தேயும் பொருள். கைப்பிடியும் சற்று இறுக்கமாகச் சுற்றும். ஆறு, முகத்துவாரம், பாலம் என்று நின்று கொடுவா பிடிப்பவருக்கு முழுத் தடுப்பு கட்டாயமில்லை. எளிதில் திறந்து துடைக்கக்கூடிய நடுத்தர ரீல் நன்றாகவே உழைக்கும். பாறையில் அலை மேலே அடிக்க நிற்பவரும், சின்ன ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவரும் காசு கூடினாலும் தடுப்புள்ளதை வாங்குவதுதான் சரி.

உடல் எதில் செய்தது? கிராஃபைட் என்று சொல்லும் கார்பன் கலந்த பிளாஸ்டிக் துருப்பிடிக்காது, எடையும் குறைவு. பெரிய மீன் இழுக்கும்போது கொஞ்சம் வளையும், வளைந்தால் கியர்ப் பற்களின் ஒட்டு விலகும். அலுமினியம் வளையாது, கடலுக்கு ஏற்றது. மெக்னீசியம் மிக லேசானது, ஆனால் வண்ணப்பூச்சு ஓரிடத்தில் பெயர்ந்தாலும் அங்கிருந்து அரிப்பு வேகமாகப் பரவும். பாறையிலும் படகின் தளத்திலும் ரீலை வைத்து எடுப்பவருக்கு அது ஆகாது.

கைப்பிடி இரண்டு வகை. ஒன்று நேரே கியருக்குள் மரையிட்டு இறங்கும், ஆட்டம் இருக்காது. மற்றது மறுபக்கத்திலிருந்து திருகாணி போட்டு இறுக்குவது. நாளாக நாளாக ஆட்டம் வரும். கடலுக்கு முதல் வகையே நல்லது. அந்த மரையில் தொடக்கத்திலேயே கிரீஸ் தடவ மறந்தால், உப்பில் இறுகிப்போய்க் கழற்றவே முடியாமல் போகும்.

டிராக் விஷயத்தில் பெட்டியில் இருக்கும் 10 கிலோ, 15 கிலோ என்ற அதிகபட்ச இழுப்பு எண் உங்களை மயக்க வேண்டாம். 20 பவுண்டு பிரெய்டு, அதாவது பின்னல் நரம்பு, போட்டிருந்தால் அதன் தாங்குதிறன் 9 கிலோ. டிராக்கை வைப்பது அதில் கால் பங்கு, அதாவது 2 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். அந்த 2 கிலோவில் எவ்வளவு வழவழப்பாக விடுகிறது என்பதுதான் முக்கியம். கார்பன் வாஷர் சூட்டையும் ஈரத்தையும் தாங்கும். ஃபெல்ட் என்ற அழுத்திய கம்பளித் துணி போன்ற வாஷர் மெதுவாகவும் இதமாகவும் விடும், ஆனால் உப்புநீர் குடித்தால் திணறும். சீலா, பாரை, வஞ்சிரம் என்று கடித்தவுடன் பாய்ந்து ஓடும் மீனுக்குக் கார்பனே போடுங்கள்.

ரீலின் அளவு எண் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பொதுவாக முகத்துவாரத்தில் கொடுவாவுக்கு 3000 அல்லது 4000, கரையிலிருந்து லூர் என்ற செயற்கை இரை வீச 4000 அல்லது 5000, படகிலிருந்து வஞ்சிரத்துக்கு 5000 முதல் 8000 வரை என்று எடுத்துக்கொள்ளலாம். அந்தமானில் பெரும் பாரைக்குப் பாப்பர் என்ற மிதக்கும் லூர் வீசுவோர் 14000-க்கு மேல் போகிறார்கள். கியர் விகிதத்தை, அதாவது கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு ரோட்டர் எத்தனை சுற்று ஓடும் என்பதை, தனியாகப் பார்த்துப் பயனில்லை. ஸ்பூல் விட்டத்தோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். 50 மி.மீ. விட்டத்தில் நரம்பு நிறைந்த ஸ்பூல், விகிதம் 5.6 என்றால் ஒரு சுற்றுக்கு 50 × 3.14 × 5.6, அதாவது சுமார் 88 செ.மீ. நரம்பு வரும். வேகமாக இழுக்க வேண்டிய வஞ்சிரத்துக்கு இது குறைவு, கொடுவாவுக்குத் தாராளம்.

கடையில் கையில் எடுத்ததும்

கைப்பிடியை வேகமாகச் சுற்றிப் பார்த்து மயங்குவது எல்லாரும் செய்வது. மிக மெதுவாகச் சுற்றுங்கள்; பல்லில் குறை இருந்தால் மெதுவான சுற்றில்தான் விரலுக்குத் தெரியும். பிறகு ரோட்டரைப் பிடித்துக்கொண்டு கைப்பிடியைப் பக்கவாட்டில் ஆட்டி, ஆட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். கைப்பிடியை முன்னே சுற்றி, சட்டென்று பின்னே திருப்புங்கள். இருபது முறை செய்தால் ஒரு தடவைகூட வழுக்கக் கூடாது. தூண்டிலைச் சுண்டி முள்ளை ஏற்றும்போது கிளட்ச் வழுக்கினால் ரோட்டர் பின்னோக்கி அடித்துப் பற்கள் நொறுங்கும்.

ஒரு துண்டு நரம்பை லைன் ரோலரில் போட்டு, இரு பக்கமும் இழுத்துப் பிடித்து ஓட்டுங்கள். நரம்போடு சேர்ந்து உருளை சுழல வேண்டும். சுழலாமல் நரம்பு அதன் மேல் சறுக்கினால் அந்த ரீல் வேண்டாம். பழைய ரீல் என்றால் கூடுதலாக மூன்று இடம்: திருகாணித் தலைகள் தேய்ந்திருக்கின்றனவா, அடிப்பாகத்தில் வெள்ளைப் பொடியோ பழுப்புக் கசிவோ இருக்கிறதா, ஸ்பூல் விளிம்பில் வெட்டு இருக்கிறதா. விளிம்பைச் சோதிக்கக் கொஞ்சம் பஞ்சு போதும். சுற்றித் தடவினால் பஞ்சிழை எங்கே மாட்டுகிறதோ அங்கே பிரெய்டும் அறுபடும். மெல்லிய கீறலை 2000 எண் எமரித் தாளை நனைத்துத் தேய்த்துச் சரிசெய்யலாம். ஆழமான வெட்டுக்கு ஸ்பூல் மாற்றுவதுதான் வழி. அந்த மாடலுக்கு ஸ்பூல், லைன் ரோலர், பெயில் ஸ்பிரிங் ஆகியவை தனியாகக் கிடைக்குமா என்று கேட்காமல் காசு கொடுக்காதீர்கள்.

கரை ஏறியதும்

முதலில் டிராக் குமிழை முழுக்க இறுக்குங்கள். அப்போதுதான் கழுவும் தண்ணீர் வாஷர்களுக்குள் போகாது. பிறகு மெல்லிய தூவலாக, மேலிருந்து கீழாக, ஒரு நிமிடம் கழுவுங்கள். குழாயை வேகமாகத் திறந்து பீய்ச்சினால் வெளியே இருக்கும் உப்பை நாமே உள்ளே தள்ளியதாகிவிடும். வாளியில் முக்கவும் கூடாது. செடிக்கு மருந்து அடிக்காத புதிய ஒரு லிட்டர் கைத்தெளிப்பான் இதற்கு மிகவும் பொருத்தம், காரிலேயே வைத்துக்கொள்ளலாம்.

தண்ணீர் எது என்பதும் முக்கியம். கிழக்குக் கடற்கரைச் சாலையையொட்டி எத்தனையோ வீடுகளில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரே உப்புக் கரிக்கும். அதில் கழுவினால் உப்பை உப்பால் துடைத்ததாகத்தான் முடியும். வாயில் வைத்துப் பாருங்கள். குடிக்க முடியாத தண்ணீர் ரீலுக்கும் வேண்டாம். கேன் தண்ணீர் அரை லிட்டர் ஒரு ரீலுக்குப் போதும்.

கழுவியதும் உதறி, துணியால் துடைத்து, டிராக்கைத் தளர்த்திவிடுங்கள். இறுக்கத்திலேயே வைத்தால் வாஷர்கள் அழுந்தித் தட்டையாகும். ஃபெல்ட் என்றால் மீளவே மீளாது. ஸ்பூலைக் கழற்றித் தனியாக நிழலில் காயவையுங்கள். பிரெய்டு பல இழை சேர்த்துப் பின்னியது, இழைகளுக்கு நடுவே உப்புநீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதற்கு அடியில் இருக்கும் அலுமினிய ஸ்பூல் அரிபடுவது வெளியே தெரியாது. தொடர்ந்து கடலுக்குப் போகிறவர் மாதம் ஒருமுறை நரம்பை வேறு ஸ்பூலுக்கு மாற்றிக் கழுவிவிட்டுத் திரும்பச் சுற்றுவது நல்லது. காயாத ரீலை உறைக்குள்ளோ பிளாஸ்டிக் டப்பாவிலோ போட்டு மூடுவதைவிடக் கழுவாமல் திறந்து வைப்பதே மேல். வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் விடாதீர்கள், சூட்டில் கிரீஸ் இளகி எண்ணெய் பிரிந்து கிளட்சுக்குள் இறங்கும்.

லைன் ரோலர்: முதலில் கற்க வேண்டிய வேலை

நான்கைந்து முறை கடலுக்குப் போய்வந்ததும் இதைச் செய்துவிடுங்கள். தேவையானது சரியான அளவுத் திருப்புளி, வெள்ளைத் துணி, கொஞ்சம் ஐசோபிரொபைல் ஆல்கஹால், மெல்லிய ரீல் எண்ணெய். பெயில் கை சேரும் இடத்தில் ஒரு திருகாணி இருக்கும். திருப்புளி அதன் தலையில் முழுக்க உட்கார வேண்டும். அளவு சிறியதாக இருந்தால் தலை தேய்ந்து, பிறகு யாராலும் கழற்ற முடியாது. கழற்றும் ஒவ்வொரு பாகத்தையும் வரும் வரிசையிலேயே துணியில் இடமிருந்து வலமாக அடுக்குங்கள், கைபேசியில் ஒரு படமும் எடுத்துவையுங்கள். உருளை, உள்ளே பேரிங், அதன் இரு பக்கமும் தாள் கனத்தில் பிளாஸ்டிக் வளையங்கள். இந்த வளையங்களில் ஒன்று மாறி உட்கார்ந்தாலும் உருளை இறுகிவிடும்.

பேரிங்கைப் பென்சில் முனையில் மாட்டிச் சுண்டுங்கள். ஓசையில்லாமல் ஓடி மெதுவாக நின்றால் நல்லது. கரகரத்தால் ஆல்கஹாலில் சில நிமிடம் ஊறவைத்து, காயவைத்து, மறுபடி சுண்டிப் பாருங்கள். அப்போதும் கரகரத்தால் குண்டில் குழி விழுந்துவிட்டது. எண்ணெய் விட்டால் சத்தம் மறையும், குழி மறையாது. புதியது போடுங்கள். பேரிங் அளவை உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் என்று மி.மீ.யில் கேட்க வேண்டும். கைப்பிடிக் குமிழுக்குப் பல ரீல்களில் 4, 7, 2.5 என்ற அளவு வரும். சுத்தமான பேரிங்குக்கு ஒரே சொட்டு எண்ணெய் போதும். உருளை இறுகிய ரீலில் நரம்பு முறுக்கிக்கொள்ளும், உருளையில் பள்ளம் விழும், அந்தப் பள்ளம் பிரெய்டைச் சீவும். மீன் நரம்பை அறுத்துப் போய்விட்டது என்று சொல்லும் பல சமயங்களில் காரணம் இங்கேதான் இருக்கிறது.

எண்ணெயும் கிரீஸும் எங்கெங்கே என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். வேகமாகச் சுழலும் சின்னப் பாகங்களுக்கு எண்ணெய்: லைன் ரோலர், கைப்பிடிக் குமிழ், பெயில் மடங்கும் மூட்டுகள். பளு தாங்கிப் பல்லோடு பல் உரசும் இடத்துக்குக் கிரீஸ்: முதன்மைக் கியர், பினியன், ஸ்பூலை முன்பின் நகர்த்தும் பாகங்கள், எல்லாத் திருகாணி மரைகளும். அவுட்போர்டு இன்ஜினுக்குப் போடும் மரைன் கிரீஸ் கியருக்கு நன்றாகவே பொருந்தும். ஒருவழிக் கிளட்சில் கிரீஸ் படவே கூடாது. பட்டால் உள்ளிருக்கும் உருளைகள் பிடிக்காமல் கைப்பிடி பின்னோக்கி வழுக்கும். அதை ஆல்கஹாலில் கழுவிக் காயவைத்து, மிக மெல்லிய எண்ணெய் ஒரு சின்னத் துளி வைத்தால் சரியாகும். டபிள்யூடி-40 ஸ்ப்ரே துரு இளக்க உதவும், நீடித்த உயவுக்கு உதவாது. ரீலுக்குள் அடித்தால் இருக்கும் கிரீஸையும் கரைத்துவிடும்.

டிராக் திணறினால்

தூண்டில் கோலின் வளையங்கள் வழியே நரம்பைக் கோத்து, மீன் எடைபோடும் தொங்கு தராசில் கட்டி, கோலைச் சாய்த்துப் பிடித்து ஒருவரை இழுக்கச் சொல்லுங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது 2 கிலோ காட்டி, முதல் அசைவுக்கு 3 கிலோ கேட்டால் டிராக் ஒட்டுகிறது. மெல்லிய லீடர், அதாவது முள்ளுக்கு முன்னே கட்டும் நரம்புத் துண்டு, அறுவது அந்த முதல் அசைவில்தான்.

டிராக் குமிழைக் கழற்றினால் ஸ்பூலுக்குள் கம்பி வளையம் ஒன்று வாஷர்களைப் பிடித்திருக்கும். முள்வாங்கியால் அதை எடுங்கள். துள்ளித் தெறிக்கும், கையால் மூடிக்கொண்டே எடுக்க வேண்டும். அடியில் கார்பன் வாஷரும் உலோக வாஷரும் மாறி மாறி இருக்கும். உலோகத்தில் இரண்டு வகை: காது வைத்தது ஸ்பூலோடு சேர்ந்து சுற்றும், நடுத்துளை தட்டையாக வெட்டியது தண்டோடு நிற்கும். இந்த வரிசை மாறினால் டிராக் பிடிக்கவே பிடிக்காது. எல்லாவற்றையும் துடைத்து, கார்பன் வாஷரில் டிராக் கிரீஸை மெல்லத் தேய்த்து, மிஞ்சியதை வழித்து எடுத்துவிடுங்கள். ஃபெல்ட் என்றால் சற்றுத் தாராளமாக ஊற விடலாம். சாதாரண கிரீஸ் வேண்டாம், சூட்டில் இளகிப் பிடி நழுவும். கிரீஸ் இல்லாமல் உலர்ந்தபடியே ஓட வேண்டிய டிராக்கும் சில ரீல்களில் உண்டு. திறந்தபோது உலர்ந்திருந்தால் கையேட்டைப் பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

மீனோடு போராடும்போது ஒரு கணக்கு நினைவிருக்கட்டும். ஸ்பூலில் சேர்ந்திருக்கும் நரம்புச் சுற்றின் விட்டம் பாதியாகக் குறைந்தால் அதே இறுக்கத்தில் டிராக்கின் இழுப்பு இரண்டு மடங்காகும். மீன் வெகுதூரம் ஓடிய பிறகு டிராக்கைத் தளர்த்த வேண்டுமே தவிர இறுக்கக் கூடாது. டிராக் ஓடிக்கொண்டிருக்கும்போது கைப்பிடியைச் சுற்றுவதும் வீண்: 5.6 விகித ரீலில் பத்துச் சுற்று சுற்றினால் நரம்பு ஒரு அங்குலமும் வராது, 56 முறுக்கு மட்டும் ஏறும்.

உடலைத் திறப்பது

ஆண்டுக்கு ஒருமுறை போதும். விசைப்படகுகளுக்குக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். வலையும் படகும் பழுதுபார்க்கும் அந்த நாட்களே இதற்கும் தோதானவை. பக்கமூடியைத் திறந்ததும் கிரீஸ் நிறத்தைப் பாருங்கள். பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. பழுப்பு என்றால் துரு. சாம்பல் நிறத்தில் மினுமினுத்தால் கியர் தேய்ந்து உலோகத்தூள் கலந்திருக்கிறது. பேரிங்கின் பக்கத்தில் தாள் போல ஒட்டியிருக்கும் ஷிம் வளையத்தைப் பழைய கிரீஸோடு சேர்த்துத் துடைத்தெறிந்துவிடாதீர்கள். கியர்களின் நெருக்கத்தைத் தீர்மானிப்பது அதுதான். கிளட்சையும் பினியனையும் கழற்றத் தயக்கமாக இருந்தால் அந்த இடத்தில் நிறுத்திக்கொண்டு, பழைய கிரீஸை வழித்துப் புதியது தடவி மூடினாலே பாதி வேலை முடிந்த மாதிரி. முழுச் சர்வீஸைத் தெரிந்தவரிடம் விடலாம்.

ரீல் கடலில் விழுந்தாலோ அலையில் மண்ணோடு புரண்டாலோ அடுத்த வாரம் பார்க்கலாம் என்று வைக்கக் கூடாது. சுற்றிப் பார்க்கவும் கூடாது. மணல் உள்ளே இருக்கும்போது ஒவ்வொரு சுற்றும் கியரைத் தேய்க்கும். இப்போது மட்டும் வாளி நன்னீரில் முக்கி வைப்பது சரி. உப்பு காய்ந்து படிவதற்குள் அன்று இரவே திறந்து, ஆல்கஹாலில் கழுவி, காயவைத்து, புதிய கிரீஸ் தடவிவிடுங்கள். மேக்சீல்டு ரீலும் முழுத் தடுப்புள்ள ரீலும் என்றால் திறக்காமல், வெளியே கழுவித் துடைத்து, மறுநாளே சர்வீஸுக்கு அனுப்புங்கள், எப்போது எவ்வளவு நேரம் தண்ணீரில் கிடந்தது என்று ஒரு சீட்டில் எழுதி வைத்து.